கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு ஒரு வீடு

துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்துக்கொண்டு ஊரில் வீடு கட்டுகிறவர் இப்போதெல்லாம் காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது போனைத்தான். நேற்று எத்தனை மூட்டை சிமெண்ட் இறங்கியது, எத்தனை கொத்தனார் எத்தனை சித்தாள் வந்தார்கள், லிண்டல் கான்கிரீட் போட்டாயிற்றா என்பதெல்லாம் போட்டோவோடு ஆப்பில் வந்து விழுந்திருக்கும். இது ஏதோ இந்தப் பத்து வருடத்தில் முளைத்த புதுமை என்பது போல விளம்பரங்கள் சொல்கின்றன. போன் புதுசு, சரி. ஆனால் சொந்தக்காரர் கடலுக்கு அந்தப் பக்கம், வீடு கடலுக்கு இந்தப் பக்கம் என்கிற ஏற்பாடு நம்ம ஊரில் நூற்றைம்பது வருடப் பழசு. சந்தேகம் உள்ளவர்கள் காரைக்குடிக்கு ஒரு பஸ் ஏறிவிட்டு வரலாம்.

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் தேக்குத் தூண், இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி என்று ஆரம்பித்து, சுவருக்கு முட்டை வெள்ளைக்கரு பூசிய கதையில் முடித்துவிடுவார்கள். சினிமாக்காரர்கள் கல்யாண சீன் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்த வீடுகளைக் கட்டச் சொன்ன ஆண்களில் பெரும்பாலானோர் அஸ்திவாரம் தோண்டியபோது எங்கே இருந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ரங்கூனில், மோல்மேனில், பினாங்கில், சிங்கப்பூரில், கொழும்பில் இருந்தார்கள்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1852ல் நடந்த இரண்டாம் ஆங்கிலோ பர்மியப் போரில் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1869ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி ஆற்றின் கழிமுகம் முழுக்கக் காடும் சதுப்பும். அதை வெட்டித் திருத்தி நெல் போட்டால் உலகமே வாங்கத் தயார். ஆனால் காடு திருத்தும் விவசாயிக்குக் கடன் கொடுக்க ஆங்கிலேய பேங்குகள் தயாராக இல்லை (ஈடு வைக்க என்ன இருக்கிறது அவனிடம்?). அந்த இடைவெளியில் போய் உட்கார்ந்தவர்கள்தான் நகரத்தார். பேங்குகளிடம் இவர்கள் கடன் வாங்கினார்கள், ஊரில் சொந்தபந்தங்களிடம் டெபாசிட் வாங்கினார்கள், வட்டி வித்தியாசத்தில் பிழைத்தார்கள். 1929-30ல் பர்மா வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. போட்டிருந்த பணம் 75 கோடி ரூபாய் அளவுக்கு என்று மதிப்பிட்டார்கள். அந்தக் காலத்து 75 கோடி!

இங்கே கவனிக்க வேண்டியது பணத்தை விட, அதை நடத்திய விதம். முதலாளி பெரும்பாலும் தேவகோட்டையிலோ பள்ளத்தூரிலோ இருப்பார். கடையை நடத்துவது அவர் அனுப்பிய ஏஜெண்டு. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை உண்டு. பெட்டியடிப் பையனாகப் போனவன் படிப்படியாக மேலாளாகி, பிறகு சொந்தக் கடை வைப்பது வழக்கம். ஏஜெண்டுக்கு வழக்கமான தவணை மூன்று வருடம். கையில் முதலாளி எழுதிக் கொடுத்த பவர் பத்திரம். தவணை முடிந்ததும் ஐந்தொகை எழுதிக் கணக்கு ஒப்படைத்துவிட்டு ஊர் வர வேண்டும். நடுவில் எல்லாம் கடிதம்தான்.

பிசினஸ் லா பேப்பர் எழுதிய பி.காம். மக்களுக்கு இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 182 ஞாபகம் இருக்கும். ஏஜெண்டு யார், பிரின்சிபல் யார் என்ற விளக்கம். 213ம் பிரிவு ஏஜெண்டு கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது. 214ம் பிரிவு சிக்கல் வந்தால் முயற்சி எடுத்து முதலாளியைத் தொடர்புகொண்டு அவர் உத்தரவைக் கேட்க வேண்டும் என்கிறது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறந்துபோகிற இந்த வரிகள்தான் ஒரு சமூகத்தின் அன்றாட வாழ்க்கையாக இருந்தது. தவறு செய்த ஏஜெண்டுக்குச் சட்டத்தை விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ஊரில் பெயர் கெட்டால் அடுத்த வேலை கிடையாது, பெண் கொடுக்கவும் ஆள் இருக்காது.

ஆக, கடல் தாண்டி ஒரு கடையை நடத்தத் தெரிந்தவர்கள் அதே வித்தையைத் திருப்பிப் போட்டு, கடல் தாண்டி ஒரு வீட்டைக் கட்டினார்கள். அவ்வளவுதான் விஷயம்.

முதலில் பணம். ரூபாய் மூட்டையைக் கப்பலில் ஏற்றி அனுப்ப வேண்டியதில்லை. ரங்கூனில் ஒரு கடையில் பணத்தைக் கட்டி உண்டியல் வாங்கிக்கொண்டால், இங்கே அந்தக் கடையோடு வரவு செலவு உள்ளவரிடம் காட்டிப் பணமாக்கிக்கொள்ளலாம். கடைக்கு விலாசம் என்று பெயர். தாத்தா, அப்பா பெயர்களின் முதல் எழுத்துகளைக் கோத்து வைப்பது. அந்த நாலெழுத்தைப் பார்த்தே பணம் எண்ணிக் கொடுப்பார்கள். காகிதம் மட்டும் பயணம் செய்யும், கணக்கு இரண்டு பக்கமும் நேராகும்.

அடுத்தது சாமான். பர்மா தேக்கு அங்கிருந்தே வந்தது, இலங்கையிலிருந்து முதிரை மரம், பிரிட்டனிலிருந்து இரும்பு உத்தரம், ஜப்பானிலிருந்து பூப்போட்ட பீங்கான் ஓடு. துறைமுகம் வரை கப்பல், அங்கிருந்து மாட்டு வண்டி. காரைக்குடிக்கு ரயில் பாதை வந்ததே 1930 வாக்கில்தான், அதற்குள் பெரிய வீடுகளில் பல எழும்பியாகிவிட்டது. முழுத் தேக்குத் தூண் ஒன்றை மாட்டு வண்டியில் ஏற்றிச் செம்மண் பாதையில் கொண்டுவருவதை நினைத்துப் பாருங்கள். தளத்துக்கான ஓடு மட்டும் பக்கத்து ஆத்தங்குடியிலேயே தயாரானது. கண்ணாடித் தகட்டின் மேல் கலர் சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற அந்த முறை இன்றைக்கும் மாறவில்லை.

சரி, மேற்பார்வை? ரங்கூனிலிருந்து சென்னைக்குக் கப்பல் வரவே சில நாட்கள் ஆகும். ஒரு கேள்வி எழுதிப் போட்டுப் பதில் வருவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். தந்தி இருந்தது, ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் காசு. "ஜன்னலை அரையடி தள்ளி வைக்கலாமா" என்று யாரும் தந்தி அடிக்க மாட்டார்கள்.

பிறகு எப்படி நடந்தது என்றால், கேள்வி கேட்கும் தேவையே குறைவு. ஒரு செட்டிநாட்டு வீட்டுக்கு என்ன வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். முகப்பு, அதில் திண்ணை, அதைத் தாண்டி வளவு, நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் பத்தி, பத்தியை ஒட்டி மகன்களுக்கு அறைகள், பின்னால் இரண்டாம் கட்டு, அப்புறம் சமையல் கட்டு. முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. அகலமும் நீளமும், எத்தனை கட்டு என்பதும் முடிவானால் போதும், மீதி ஆசாரிக்கும் கொத்தனாருக்கும் மனப்பாடம். பிளான் பேப்பரில் இல்லை, ஊர் முழுக்க ஆளாளுக்குத் தலையில் இருந்தது. இன்றைக்குத் தூரத்திலிருந்து வீடு கட்டுகிறவர் படும் பாட்டில் பாதி, தன் மனதில் இருக்கும் வீடு மேஸ்திரியின் மனதில் இல்லை என்பதால் வருவதுதான்.

இன்னொன்று, பெண்கள். ஆண்கள் கொண்டுவிற்கப் போன ஊருக்குப் பெரும்பாலும் மனைவிமாரை அழைத்துப் போகவில்லை. மூன்று வருடத் தவணை முழுக்க ஆச்சிமார் ஊரிலேயே இருந்து வரவு செலவு, கோவில் காரியம், பிள்ளைகள் படிப்பு எல்லாவற்றையும் பார்த்தார்கள். வீடு எழும்பும்போது தினமும் அங்கே இருந்த கண் அவர்களுடையதுதான். அந்த மாளிகைகள் எல்லாம் இன்னார் கட்டியது என்று ஆண்கள் பெயரில்தான் சொல்லப்படுகின்றன. சுண்ணாம்பு அரைபட்டது போதுமா, கடுக்காய்த் தண்ணீர் சேர்த்தானா, பூச்சு காய்வதற்குள் அடுத்த பூச்சு போட்டுவிட்டானா என்று பார்க்க ரங்கூனிலிருந்து யாரும் எட்டிப் பார்த்திருக்க முடியாது :-)

இவ்வளவு பெருமை பேசியபின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. இந்தத் தேக்கும் மார்பிளும் யார் கட்டிய வட்டியில் வந்தது? 1930ல் உலக மந்தத்தில் அரிசி விலை தரைக்கு வந்தது. பர்மிய விவசாயியால் வட்டி கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938 வாக்கில் அது 25 சதவீதம். அவர்கள் கேட்டது நிலத்தை அல்ல, பணத்தைத்தான். நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர்களுக்கே தெரியவில்லை என்பதும் உண்மை. ஆனால் தாத்தா திருத்திய வயலில் குத்தகைக்காரனாக நிற்கிறவனுக்கு இந்த விளக்கம் எப்படிப் போய்ச் சேரும்? 1930லும் 1938லும் ரங்கூனில் இந்தியர்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. செட்டிநாட்டைச் சுற்றிக் காட்டுகிற கைடுகள் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடுவார்கள்.

1937ல் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மேல் ஜப்பான் குண்டு போட்டது. 1942 மார்ச்சில் நகரம் விழுந்தது. கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். கிடைக்காத லட்சக்கணக்கான இந்தியர்கள் மணிப்பூர், அஸ்ஸாம் பக்கமாகக் காட்டு வழியில் நடந்தார்கள், ஆயிரக்கணக்கில் வழியிலேயே செத்தார்கள். சுதந்திர பர்மா 1948ல் நிலத்தை தேசியமயமாக்கச் சட்டம் போட்டது. 1962ல் நே வின் ஆட்சியைப் பிடித்தபின், 1963-64ல் பேங்குகளும் கடைகளும் போயின. சென்னை பர்மா பஜார் அப்படி வந்தவர்களால் உண்டானது.

உண்டியல் வருவது நின்றதும் வீடு என்ன ஆகும்? வருமானம் போய்விட்டது, ஐம்பது அறை நிற்கிறது. ஓடு மாற்ற, வெள்ளையடிக்கப் பணம் வேண்டும். ஒவ்வொரு தலைமுறையிலும் பங்காளிகள் பெருகினார்கள். சிலர் தூணைப் பிரித்து விற்றார்கள், கதவை நிலையோடு பெயர்த்து விற்றார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாக இருக்கும் பழம்பொருள் கடைகளில் கிடக்கும் பீங்கான், எனாமல் பாத்திரம், பழைய பெட்டகம் எல்லாம் அப்படி வெளியே வந்த சாமான்கள்.

அடுத்த அலை வளைகுடா. 1973ல் எண்ணெய் விலை ஏறியபின் போனவர்கள் வட்டிக்கடைக்காரர்கள் அல்ல. எலக்ட்ரீஷியன், டிரைவர், கொத்தனார். (வேடிக்கை என்னவென்றால், அங்கே அடுத்தவர் கட்டிடத்துக்குச் செங்கல் வைத்த கொத்தனாரே ஊரில் தன் வீட்டை அடுத்தவர் கையில் விட வேண்டியிருந்தது.) பேங்க் டிராப்ட் தபாலில் வரும். கடிதம் எழுத முடியாதவர்கள் கேசட்டில் பேசி ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்து அனுப்புவார்கள். பிறகு ஐ.எஸ்.டி. பூத். இவர்களுக்குப் பெட்டியடிப் பையன் முதல் மேலாள் வரை வளர்ந்த ஏஜெண்டு கிடையாது, மச்சானோ தம்பியோதான். அவர் பெயருக்கு பவர் எழுதி இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். இந்த மூன்று மாதக் கணக்கைக் கோட்டை விட்டவர்கள் நிறைய. கணக்குக் கேட்டால் உறவு கெடும், கேட்காவிட்டால் வீடு கெடும். 213ம் பிரிவை மச்சானிடம் வாசித்துக் காட்ட முடியுமா?

அந்தச் சங்கடத்துக்குள்தான் போன் வந்தது. 2003ல் ஸ்கைப், 2009ல் வாட்ஸ்அப், 2016 நவம்பரில் அதிலேயே வீடியோ கால். அதன் மேல் இப்போது கட்டுமானத்துக்கென்றே ஆப். பேஸ்மெண்ட், லிண்டல், ரூப், பூச்சு என்று வேலையைப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் முடிந்த போட்டோ தேதியோடு ஏறினால்தான் அடுத்த தவணைப் பணம். மச்சானைக் கேட்க வேண்டியதை ஆப் கேட்டுவிடுகிறது. இது சின்ன விஷயமில்லை, எத்தனையோ உறவு பிழைத்திருக்கும்.

ஆனால் கான்கிரீட் மூடியபின் உள்ளே கம்பி எத்தனை, எந்த இடைவெளியில் என்பது எந்தப் போட்டோவிலும் தெரியாது. மூடுவதற்கு முன் எடுத்தால்தான் உண்டு. கான்கிரீட்டைக் குறைந்தது ஏழு நாள் ஈரமாக வைக்க வேண்டும், கலப்பு சிமெண்ட் என்றால் பத்து நாள் என்று ஐ.எஸ். 456 சொல்கிறது. தண்ணீர் ஊற்றுவதை ஒரு போட்டோ காட்டும். போட்டோ எடுத்தபின் ஒன்பது நாள் ஊற்றினார்களா என்று பக்கத்தில் இருக்கும் அம்மாவைத்தான் கேட்க வேண்டும். ஆச்சி பார்த்த வேலை இன்னும் ஆச்சி கையிலேயேதான் இருக்கிறது.

செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் 2014ல் சேர்த்தார்கள். சில வீடுகள் ஹோட்டல் ஆகிவிட்டன. மீதியில் பல பூட்டிக் கிடந்து, கல்யாணத்துக்கும் படைப்புக்கும் திறக்கின்றன. சாவி வாட்ச்மேனிடம், பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும். ஐப்பசி மழைக்கு முன்னால் வாட்ச்மேன் கூரையில் ஏறி உடைந்த ஓட்டைப் போட்டோ எடுத்து குரூப்பில் போடுகிறார். யார் எவ்வளவு பங்கு கொடுப்பது என்று பேசி முடிப்பதற்குள் சில வருடம் மழை முந்திக்கொள்கிறது.