சதுப்புத் தவளையின் பெயர் வரலாறு

தவளை, தேரை, நுணல் எனத் தமிழில் பெயர்கள் பலவுண்டு. நீரில் வாழ்வதையும் மண்ணுள் புதைந்து கிடப்பதையும் ஒரு சொல்லால் குறிக்க நம் முன்னோர் விரும்பவில்லை. மேனாட்டு விலங்கியலாரோ, வாழும் இடத்தைக் காணாமலே, சாராயப் புட்டியில் வந்த உடலை அளந்து பெயரிட்டனர். அம்முறை எங்கே தடுமாறியது என்பதை, மலேசியக் காட்டுத் தரையில் வாழும் கோரைப்பல் தவளைகளின் வரலாறு காட்டும்.

இவற்றின் கீழ்த்தாடையில் இரண்டு எலும்பு முனைகள் பல்போல் எழுந்து நிற்கும். உண்மையில் அவை பற்கள் அல்ல. ஆணுக்குத் தலையும் பெரிது, முனைகளும் பெரியவை. ஆண்கள் தம்முள் பொருதும்போது அவையே படைக்கலம். 1841இல் துமேரில், பிப்ரோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் யாவாத் தவளை ஒன்றுக்கு 'ரானா மாக்ரோடன்' என்று பெயர் வைத்தனர். பெரும்பல்லுடையது என்பது பொருள்.

பிறகு, பெரிய உடலும் பல்முனையும் கண்ட இடமெல்லாம் அப்பெயரே ஒட்டப்பட்டது. இலண்டன் அரும்பொருட்சாலை அறிஞர் பூலஞ்சர் 1912இல் மலாயாத் தீபகற்பத்தின் ஊர்வனவற்றையும் தவளைகளையும் பற்றி எழுதிய நூலிலும் அதுவே காணப்படுகிறது. 1920இல் அவரே ஒரு வகையைப் 'பிளைத்தி' எனப் பிரித்துக் காட்டினார். அது பின்னர்த் தனியினமாயிற்று. ஆயினும் அதனுள்ளும் ஒன்று ஒளிந்திருந்தது. 1984இல் மலேசிய ஆய்வாளர் கியூ போங் ஹியாங் அதனைப் பிரித்து 'மலேசியானா' என்றார்.

குரலைக் கொண்டு பிரிக்கலாமே எனின், பிளைத்தியின் ஆணுக்குக் குரற்பையே இல்லை. காலைத்தான் பார்க்க வேண்டும். பிளைத்திக்கு விரல்களிடைச் சவ்வு நுனிவரை நிறைந்திருக்கும். அது பாயும் ஓடைகளில் வாழ்வது. மலேசியானாவுக்கோ நீண்ட விரலின் நுனியைச் சவ்வு எட்டாது. தாழ்நிலத்துச் சதுப்பும் மெல்ல ஓடும் நீரும் அதன் இடம்.

இந்தச் சிறு சவ்வுக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று கேட்கலாம். ஜெராம், கோல சிலாங்கூர் வட்டாரத்தார் அப்படிக் கேட்க மாட்டார்கள். தஞ்சோங் காராங் வயல்களுக்கு உட்புறம், மட்கிய மரமும் வேரும் ஆழப் படிந்த கம்பூட் நிலத்தில், தேயிலைச் சாயம் போன்ற புளிப்பு நீர் தேங்கும் காடு உள்ளது. ராஜா மூசா, சுங்கை காராங் காப்புக் காடுகள் அதன் பகுதிகள். இதே மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் நாட்டின் முதல் வாணிகச் செம்பனை நடவு தொடங்கியது. (தோட்டத்தின் பெயர் தமிழ், நட்டது வேறு மரம்!) கம்பூட் நிலத்தில் செம்பனை வேண்டுமாயின் வாய்க்கால் வெட்டி நீரை வடிக்க வேண்டும். தவளைகள் இரண்டும் ஒரு பெயரில் இருந்தவரை, சதுப்பு வற்றினாலும் மலையோடையில் அவ்வினம் வாழ்கிறது என்று கணக்கு எழுதிவிடலாம். 1984க்குப் பின் அக்கணக்குச் செல்லாது.

இன்று இவை 'ரானா'வை விட்டு 'லிம்னோனெக்டஸ்' என்னும் பேரினத்தில் நிற்கின்றன. மாக்ரோடன் யாவாவோடும் தென் சுமாத்திராவோடும் நின்றுவிட்டது. அதே பேரினத்தின் 'கூலி' என்னும் தவளையை 2010இல் மரபணு வழி ஆராய்ந்தபோது, ஒரே பெயருக்குள் இருபதுக்கு மேற்பட்ட தனிக் கிளைகள் தென்பட்டன. அவற்றுள் சிலவற்றுக்குப் பின்னர்ப் புதுப் பெயர்கள் கிடைத்தன.