காலி வீதியும் காலி முகத்திடலும்



ஒரு நாட்டின் வரலாற்றை அரசர்களின் பெயர்களைக் கொண்டும் போர்களின் ஆண்டுகளைக் கொண்டும் கற்பது நமது வழக்கம். வீதிகளைக் கொண்டும் அதனைக் கற்கலாம். ஒரு தலைநகரின் பிரதான வீதி யாருக்காக அமைக்கப்பட்டது, யார் அதில் உரிமையோடு நடந்தனர், யார் அதில் நடக்க அஞ்சினர் என்று வினவினால், அந்நாட்டின் கதையிற் பெரும்பகுதி விடையாகக் கிடைத்துவிடும். அவ்வகையிற் கொழும்பு மாநகரின் காலி வீதியையும், அதன் தலைவாயிலாக விளங்கும் காலி முகத்திடலையும் பற்றி இன்று சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

கிழக்குக் கரையில் வாழும் நமக்கு அவ்வீதி முற்றிலும் அந்நியமானதன்று. கொழும்பிலிருந்து தெற்கே செல்லும் அது, காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை ஆகிய ஊர்களைக் கடந்து வெல்லவாயாவை அடைகின்றது. அங்கே இரத்தினபுரி வழியாக வரும் மற்றொரு பெருவீதியை அது சந்திக்கின்றது. அந்தப் பெருவீதியே மொனராகலை, பொத்துவில், அக்கரைப்பற்று ஆகியவற்றைத் தாண்டி, கல்முனைக் கடைத்தெருவை ஊடறுத்து, மட்டக்களப்பிற் சென்று முடிகின்றது. நம் வாசலில் ஓடும் வீதியும் தலைநகரின் வீதியும் இவ்வாறு ஒன்றோடொன்று இணைந்தவை.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1656ஆம் ஆண்டு ஒல்லாந்தர் நீண்ட முற்றுகையின் பின் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்புக் கோட்டையைக் கைப்பற்றினர். கோட்டையின் தென்புறத்தே, காலியை நோக்கிய மதிலுக்கு வெளியே, கடலோரமாக ஒரு வெட்டவெளி இருந்தது. பகைவர் மரத்தின் மறைவிலோ வீட்டின் மறைவிலோ அணுகிவிடாதபடி, பீரங்கிகளின் பார்வைக்குத் தடையின்றி அவ்வெளி வெறுமையாக வைக்கப்பட்டது. தமிழிலே காலி என்னும் சொல்லுக்கு வெறுமை என்ற பொருளும் உண்டு. திடலின் பெயர் காலி நகரால் வந்ததேயாயினும், தற்செயலாக அந்தப் பொருளும் அதற்குப் பொருந்திற்று. ஆட்சியாளரின் எதிரே எவரும் வந்து நிற்கக் கூடாது என்பதற்காகவே வெறுமையாக்கப்பட்ட நிலம் அது. இந்த ஒன்றை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1796இல் ஆங்கிலேயர் கொழும்பைப் பெற்றனர். அவர்களது காலத்தின் முற்பகுதியில் இலங்கையின் பெரிய துறைமுகம் கொழும்பு அன்று; காலியே. ஐரோப்பாவிலிருந்து வந்த நீராவிக் கப்பல்கள் காலித் துறைமுகத்திலேயே தங்கின. தபாலும் பயணிகளும் அங்கிருந்து ஏறக்குறைய 72 மைல் தரைவழியாகக் கொழும்பை அடைய வேண்டியிருந்தது. 1838இல் இவ்விரு நகரங்களுக்குமிடையே குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கிற்று. கப்பலில் வந்த வெளிநாட்டுச் செய்திகளை விரைவாகப் பெறும் பொருட்டு, கொழும்பிலிருந்த ஒப்சேவர் பத்திரிகை 1850ஆம் ஆண்டு முதற் சில காலம் புறாக்களின் காலிலே கடிதங்களைக் கட்டிக் காலியிலிருந்து பறக்கவிட்டது. தந்திக் கம்பி வந்தபின் புறாக்கள் ஓய்வு பெற்றன. தலைநகரின் பிரதான வீதி மற்றொரு நகரின் பெயரைத் தாங்கி நிற்பதன் காரணம் இப்பொழுது விளங்கும். அக்காலத்தில் உலகத்துக்குச் செல்லும் வாசல் காலியிலே இருந்தது. அந்த வாசலுக்குச் செல்லும் வழி காலி வீதியாயிற்று.

பின்னர் நிலைமை தலைகீழாக மாறியது. 1875இற் கொழும்பிலே அலைதாங்கிச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1885இல் அது நிறைவெய்தியதும், திறந்த கடலாயிருந்த கொழும்பு பாதுகாப்பான துறைமுகமாயிற்று. கப்பல்கள் காலியைக் கைவிட்டன. காரணம் மறைந்தது, பெயர் மட்டும் நிலைத்தது.

முகத்திடலின் தன்மையும் இதே காலத்தில் மாறிற்று. தேசாதிபதி சேர் ஹென்றி வோட் 1856இல் அங்கே ஓர் உலாவீதியை அமைக்கத் தொடங்கி 1859இல் முடித்தார். கொழும்பிலுள்ள பெண்களினதும் குழந்தைகளினதும் நலனுக்காக அதனைப் பேணுமாறு தமக்குப் பின் வருவோரை வேண்டி ஒரு கல்லையும் நாட்டுவித்தார். 1864இல் திடலின் தென்கோடியிற் காலிமுக ஹோட்டல் எழுந்தது. 1869ஆம் ஆண்டையொட்டிக் கோட்டை மதில்கள் இடிக்கப்படலாயின. பீரங்கி போயிற்று, காற்று வாங்குவோர் வந்தனர். ஆயினும் அக்காலத்திற் குதிரைப் பந்தயமும் மாலை உலாவும் பெரும்பாலும் ஆளும் வகுப்பாரின் பொழுதுபோக்காகவே இருந்தன.

நம்மவர் அவ்வீதியைத் தமதாக்கிக்கொண்ட விதம் வேறு. ஆடி மாதத்திற் செட்டியார் தெருக் கோவில்களிலிருந்து புறப்படும் வேல் இரதம் இவ்வழியே பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோவிலுக்குச் செல்லும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கியது. போர்த்துக்கேயரின் அற்புத மாதா ஆலயம் மிலாகிரிய என்னும் இடத்துக்கே பெயராய் நிலைத்தது. நோன்புப் பெருநாளன்று முஸ்லிம்கள் முகத்திடலிலே அணிவகுத்துத் தொழுதனர். வெள்ளவத்தை தமிழ் மக்களின் குடியிருப்பாக வளர்ந்தது.

1930 ஜனவரியில் முகத்திடலின் வடகோடியிற் சட்டசபைக் கட்டடம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு சர்வசன வாக்குரிமை கிடைத்தது. பின்னர் அக்கட்டடமே பாராளுமன்றமாயிற்று. பீரங்கி நின்ற திசையில் மக்கள் பிரதிநிதிகள் வந்தமர்ந்தனர். மக்களும் அவர்களின் எதிரே வந்து நிற்கலாயினர். 1956 ஜூன் 5ஆம் நாள், சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கும் மசோதா கொண்டுவரப்பட்டபோது, எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவர்களின் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் அத்திடலிலே அறவழியில் அமர்ந்தனர். அவர்கள் தாக்கப்பட்டனர். அதே ஆண்டுத் தேர்தலிற் கல்முனை, பொத்துவில் ஆகிய தொகுதிகளும் அக்கட்சியின் வேட்பாளரையே தெரிவு செய்திருந்தன. ஆகவே அன்று அங்கே கேட்கப்பட்ட நியாயம் நமது கரையின் நியாயமுமாகும்.

அவ்வீதி கண்ட துயரங்களை மறைத்தல் வரலாறாகாது. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. 2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிற் போலவே இவ்வீதியோரத்து ஹோட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. ஐந்து நாள்களின் பின் அதே கூட்டத்தாரின் குண்டுகள் சாய்ந்தமருதிலும் வெடித்தன. அதன் பின்னர் ஒரு குற்றமும் அறியாத முஸ்லிம் மக்கள் பலர் தலைநகரின் வீதிகளிற் சந்தேகப் பார்வையைச் சுமந்து நடந்தனர். தமிழர் ஒரு காலத்தில் அறிந்த அச்சத்தை முஸ்லிம்களும் அறிந்தனர்.

1982இற் பாராளுமன்றம் கோட்டேயிலுள்ள புதிய கட்டடத்துக்குச் சென்றது. பழைய கட்டடம் ஜனாதிபதி செயலகமாயிற்று. அதன் எதிரே 2022 ஏப்ரல் 9ஆம் நாள் மக்கள் திரண்டனர். எரிபொருளும் எரிவாயுவும் பால்மாவும் கிடையாது, மின்சாரமும் மணிக்கணக்கில் நின்றுபோன காலம் அது. ரமழான் மாதமாகையால் அத்திடலிலே நோன்பு திறக்கும் நிகழ்வுகள் நடந்தன. சிங்களவரும் தமிழரும் அவற்றிற் கலந்துகொண்டனர். மே 18ஆம் நாள் முள்ளிவாய்க்காலில் மாண்டோர் அங்கே நினைவுகூரப்பட்டனர். ஜூலை 14ஆம் நாள் ஜனாதிபதி பதவி துறந்தார். அதே மாதம் 22ஆம் நாள் அதிகாலையிற் படையினர் கூடாரங்களை அகற்றினர். அப்போராட்டத்தின் நன்மை தீமைகளை மதிப்பிடுவோர் பலவாறு கூறுவர். ஆயினும், தனித்தனியே அத்திடலில் அழுத இனங்கள் சில நாள்களேனும் அங்கே ஒன்றாக அமர்ந்து உண்டன என்பதை ஒருவரும் மறுக்க இயலாது.

இன்று முகத்திடலின் வடபுறத்தே கடலை நிரப்பி 269 ஹெக்டேயர் பரப்பிற் புதிய நிலம் எழுந்துள்ளது. உயர்ந்த மாடங்கள் வீதியின் தோற்றத்தை ஆண்டுதோறும் மாற்றுகின்றன. கட்டடங்கள் மாறுவதில் வியப்பில்லை. ஆளுவோரின் எதிரே எவரும் நிற்கக் கூடாதென்று வெறுமையாக்கப்பட்ட நிலம், தம் குறையைச் சொல்ல யாவரும் வந்து நிற்கும் நிலமாக மாறியதே வியப்பு. அந்த உரிமையை எந்தத் தேசாதிபதியும் கல்லில் எழுதித் தந்தானல்லன்; நடந்து வந்த மக்களே அதனை உண்டாக்கினர்.

கல்முனையிலிருந்து பிள்ளைகளைக் கொழும்புக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்களும் பெற்றோரும், முகத்திடலில் இறங்கியதும் பட்டம் வாங்கிக் கொடுக்கட்டும்; இறால் வடையும் வாங்கிக் கொடுக்கட்டும். அதனோடு, அவர்கள் நிற்கும் புல்தரையில் முன்னர் யார் நிற்க முடியாதிருந்தது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கட்டும்.