வார்ட்டன் கடிதத்தில் இல்லாத மேலாளர்: இளநிலை வணிக மேலாண்மைப் பட்டத்தின் தோற்றம் குறித்து

இளநிலை வணிக மேலாண்மைப் படிப்பின் வரலாறு பெரும்பாலும் ஒரே வார்ப்பில் சொல்லப்பட்டு வருகிறது. இரயில் பாதைகளும் எஃகு ஆலைகளும் பெருகின. உரிமையாளர் ஒருவரே எல்லாவற்றையும் கவனிக்க முடியாத நிலை வந்தது. சம்பளத்துக்கு நிர்வாகம் பார்க்கும் மேலாளர்கள் தேவைப்பட்டனர். அவர்களை உருவாக்கித் தரும்படி தொழிலதிபர்கள் பல்கலைக்கழகத்தைக் கேட்டனர். இவ்வரலாற்றின்படி அந்தப் பட்டம் பிறப்பிலேயே வேலைப் பயிற்சி. அறவியலும் சமூகப் பார்வையும் பின்னாளில் அதன்மேல் பூசப்பட்டவை. இதற்கு முதற்சான்றாகக் காட்டப்படுவது, தொழிலதிபர் ஜோசப் வார்ட்டன் 1881 மார்ச்சில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அறங்காவலர்களுக்கு, வணிகப் பள்ளி ஒன்றை நிறுவ ஒரு லட்சம் டாலர் கொடையுடன் முன்வைத்த திட்டக் கடிதம். அக்கடிதம் இந்த வரலாற்றைத் தாங்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதைச் சொல்வதில் எச்சரிக்கை வேண்டும். கொடையாளரின் கடிதம் வகுப்பறைப் பதிவேடு ஆகாது. நோக்கம் ஒன்றாகவும் நடப்பு வேறாகவும் இருந்த கல்வி நிறுவனங்கள் ஏராளம். ஆயினும் இக்கடிதத்தைச் சான்றாக முன்னிறுத்தியவர்கள் முந்தைய ஆய்வாளர்களே. அவர்கள் தேர்ந்த சான்றை அவர்கள் நிறுத்திய இடத்தைத் தாண்டிப் படிப்பது முறையாகவே இருக்கும்.

மூவரில் நடுவே நிற்பவர்

கடிதம் ஒரு முதல்வரையும் ஐந்து துறைகளுக்கான ஆசிரியர்களையும் கேட்கிறது. கணக்கியல், பணமும் செலாவணியும், வரிவிதிப்பு, தொழில்–வணிகம்–போக்குவரத்து, அடிப்படைச் சட்டமும் வணிகச் சட்டமும் என்பன அத்துறைகள். மேலாளர் பயிற்சி என்று வாதிடுவோர் பெரிதும் சார்ந்திருப்பது தொழில் துறை ஆசிரியருக்கான குறிப்பை. பெருமூலதனத்தையும் பெருந்திரளான தொழிலாளரையும் ஒரே தலைவர் அல்லது முதலாளியின்கீழ் அமைப்பதன் இன்றியமையாமை, தொழிலாளரிடையே ஒழுங்கைக் காப்பது, கூட்டுழைப்பின் பயனை மூலதனக்காரர், தலைவர், தொழிலாளி என்னும் மூவரிடையே முறையாகப் பங்கிடுவது, வேலைநிறுத்தங்களின் இயல்பும் தடுப்பும் ஆகியவற்றைக் கற்பிக்கும்படி அக்குறிப்பு பணிக்கிறது.

மூலதனக்காரருக்கும் தொழிலாளிக்கும் நடுவே நிற்கும் இந்தத் தலைவர்தான் நவீன மேலாளர் என்பது முந்தைய வாசிப்பு. மூலதனம் போட்டவர் வேறு, நடத்துபவர் வேறு என்று கடிதமே பிரித்துவிட்டது. இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் வலுவான கேள்விதான். மூன்று காரணங்களால் அது நிற்காது என்று கருதுகிறேன்.

முதலாவது, அதே குறிப்பில் சற்று முன்னரே தலைவரும் முதலாளியும் ஒரே நிலையில் வைத்துச் சொல்லப்படுகிறார்கள். கடன் வாங்கியோ கூட்டாளிகளைச் சேர்த்தோ பிறர் பணத்தையும் தன் பணத்தையும் கொண்டு ஆலை நடத்தும் உரிமையாளரே இங்கு மனத்தில் இருப்பவர் எனலாம். வார்ட்டனே அப்படிப்பட்டவர்தான். நியூ ஜெர்சியின் கேம்டனில் இருந்த நிக்கல் ஆலையை அவரே வாங்கி அவரே நடத்தினார்.

இரண்டாவது, கற்பிக்கச் சொல்லும் பொருளைப் பார்க்க வேண்டும். பயனில் யாருக்கு எவ்வளவு பங்கு நியாயம், வேலைநிறுத்தம் ஏன் எழுகிறது என்பவை ஆலையை வெளியிலிருந்து எடைபோடுபவருக்கு உரிய கேள்விகள். ஆள் எடுப்பது, கூலி நிர்ணயிப்பது, உற்பத்திச் செலவைக் கணக்கிடுவது, பட்டறையில் வேலையைப் பிரித்துக் கொடுப்பது என நடத்துபவருக்கு வேண்டிய எதுவும் அக்குறிப்பில் இல்லை. பல்கலைக்கழகம் இருந்த அதே ஃபிலடெல்ஃபியாவின் மிட்வேல் எஃகு ஆலையில் ஃபிரெடரிக் டெய்லர் 1880களில் வேலை நேரத்தை அளந்து ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்த வகை அறிவின் சுவடே கடிதத்தில் தென்படவில்லை. 1898இல் பெத்லகேம் எஃகு ஆலைக்கு உற்பத்தி நிர்வாகத்தைச் சீரமைக்க ஆள் தேவைப்பட்டபோது வந்து சேர்ந்தவர் அதே டெய்லர், படிப்பால் பொறியாளர். அந்த ஆலையில் பெரும்பங்கு வைத்திருந்தவர் வார்ட்டன். மேலாளர்களை உருவாக்கவே பள்ளி தொடங்கியவர் என்றால், பதினேழு ஆண்டுகளுக்குப் பின்னும் அவருடைய ஆலையே பொறியாளரைத் தேடிப் போனதை விளக்குவது கடினம்.

மூன்றாவது, அந்த வாக்கியம் வேலைநிறுத்தத்தோடு முடியவில்லை. விரும்பத்தக்க எந்த நோக்கத்துக்காகவும் மனிதர்கள் தம் ஆற்றலை ஒன்றுசேர்க்கப் பழக்குவதன் முக்கியத்துவத்தையும், அத்தகைய சேர்க்கைகளுக்கான நெறிகளையும் கற்பிக்கும்படி அது நீள்கிறது. ஆலை வாசலைத் தாண்டிப் பொதுவாழ்வுக்குள் செல்லும் இந்தப் பகுதி, மேற்கோள் காட்டப்படும்போது வழக்கமாக வெட்டப்பட்டுவிடுகிறது.

யாருடைய கணக்கு?

தொழில் பற்றிய குறிப்பைவிடத் தெளிவான சான்று கணக்கியல் குறிப்பில் உள்ளது. கணக்கியல் இருப்பதனாலேயே படிப்பு தொழிற்பயிற்சிதான் என்று முடிவுகட்டியவர்கள், யாருடைய கணக்கு என்று கேட்கத் தவறிவிட்டார்கள். வீட்டு நிர்வாகம் பார்ப்பவர், தனிமனிதர், வணிக நிறுவனம், உற்பத்தி ஆலை, வங்கி ஆகியோருக்கான எளிய கணக்கு முறைகள் அங்கு பட்டியலிடப்படுகின்றன. அத்தோடு உயிலை நிறைவேற்றுபவர், பிறர் சொத்துக்குப் பொறுப்பேற்றவர், ஊர் மற்றும் நகர அலுவலர், தேசிய அரசின் துறைகள் ஆகியோர் கணக்கு வைக்கும் முறைகளும் வருகின்றன. ஆலையும் வணிகமும் இப்பட்டியலில் ஒரு பகுதி மட்டுமே. மற்றவை குடும்பச் சொத்தும் பொதுப்பணமும். பிறர் பணத்தைக் கையாள்பவன் கணக்கை ஒளிக்காமல் வைக்க வேண்டும் என்பதே இப்பாடத்தின் உயிர்நாடி. மோசடி செய்தவரையும், நம்பிக்கையைக் குலைத்தவரையும், பொதுப்பணத்தைத் திருடியவரையும் சட்டத்தாலும் சமூக விலக்காலும் கடுமையாகத் தண்டிக்க வேண்டும் என்று கற்பிக்குமாறு அதே கடிதம் வேறோரிடத்தில் வற்புறுத்துவதோடு இது பொருந்திப்போகிறது.

மாணவர் யார் என்பதிலும் கடிதம் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. அறிவும் செல்வமும் பண்பும் பரம்பரையாக வாய்த்த இளைஞர்கள், தம் சொத்தைக் காத்துக்கொண்டே சமூகத்துக்கும் பயன்படும்படி அதை நடத்த வேண்டும், அல்லது தன்னலமற்ற சட்டமியற்றும் பணிக்கும் நிர்வாகப் பணிக்கும் வர வேண்டும் என்பது வார்ட்டனின் விருப்பம். சம்பளம் தேடிப் போகும் இளைஞன் இங்கு மையத்தில் இல்லை.

பழைய வணிகர்களின் கணக்கறைகளில் பையன்கள் வேலை பார்த்தபடியே தொழில் கற்ற வழக்கம் மறைந்துவிட்டது, வணிகக் கல்லூரிகள் அந்த இடத்தை நிரப்பவில்லை என்று வார்ட்டன் வருந்துகிறாரே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் வணிகக் கல்லூரி எதற்குப் போதாது என்று அவர் சொல்கிறார்? வணிக வாழ்க்கையின் போராட்டத்துக்கு, சொந்தச் சொத்தை அறிவோடு நடத்துவதற்கு, திறமையான பொதுச்சேவைக்கு என்று மூன்றைச் சொல்கிறார். முந்தைய ஆய்வு முதலாவதை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கைவிட்டது.

நடப்பு என்ன சொல்கிறது

கடிதம் ஒருபுறம் இருக்க, பள்ளி எப்படி நடந்தது என்ற எதிர்வாதமே கனமானது. முதல் இருபது ஆண்டுகளைப் பொறுத்தவரை நடப்பு கடிதத்துக்கு வெகுதூரம் போய்விடவில்லை என்றே தோன்றுகிறது. தொடக்கத்தில் இப்பள்ளி கலைக்கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுகளை முடித்த மாணவருக்கான பாடப்பிரிவாகவே இருந்தது. 1883இல் ஆசிரியராக வந்த எட்மண்ட் ஜேம்ஸ், ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பொதுநிதியிலும் நிர்வாகத்திலும் அக்கறை கொண்டவர். அதே ஆண்டு வந்த ஜான் பாக் மெக்மாஸ்டர் அமெரிக்க வரலாற்றாசிரியர். 1889இல் ஃபிலடெல்ஃபியாவில் அரசியல், சமூக அறிவியலுக்கான அமெரிக்கக் கழகத்தைத் தோற்றுவித்தவரும் ஜேம்ஸே. அந்நகரின் ஏழாம் வார்டில் வாழ்ந்த கறுப்பின மக்களைப் பற்றி சமூகவியலாளர் டு பாய்ஸ் 1896–97இல் நடத்தி 1899இல் நூலாக்கிய ஆய்வும் இப்பள்ளியின் சமூகவியல் வட்டத்தின் முயற்சியால் நடந்தது. வேலைப் பயிற்சிக் கூடத்தில் எதிர்பார்க்கக்கூடிய பணிகள் அல்ல இவை.

தொழிற்பயிற்சியின் சாயல் அழுத்தமாகத் தெரிவது அதன் பிறகுதான். 1904இல் மாலை வகுப்புகள் தொடங்கின. காப்பீடு போன்ற தனித்தொழிற் பாடங்கள் வளர்ந்தன. 1916இல் அமெரிக்க வணிகப் பள்ளிகளின் சங்கம் அமைந்தது. இந்தப் பின்வளர்ச்சியைப் பிறப்புக்குள் ஏற்றிப் படித்ததே முந்தைய ஆய்வின் பிழை. 1959இல் ஃபோர்டு, கார்னெகி அறக்கட்டளைகளின் ஆதரவில் வந்த இரண்டு பெரிய அறிக்கைகள், இளநிலை வணிகப் படிப்பு குறுகிய தொழிற்பயிற்சியாகிவிட்டது என்று கண்டித்தன. தம் கண்முன் இருந்ததைப் பற்றி அவை சொன்னது சரி. அந்நிலையைப் பட்டத்தின் பிறவிக்குணமாகப் பின்வந்தோர் எடுத்துக்கொண்டதற்குத்தான் ஆதாரம் போதாது.

முன்கூட்டியே எழுதப்பட்ட விடை

இவ்வளவும் சொன்ன பிறகு, பரந்த கல்வியாகப் பிறந்த பட்டம் பின்னர் சீரழிந்தது என்று முடிக்கத் தோன்றும். அந்த முடிவும் பிழையானது. பொதுநல நோக்கை நிறுவும் அதே கடிதம் அந்நோக்கின் விடையையும் கட்டி வைக்கிறது. இறக்குமதி வரியால் உள்நாட்டுத் தொழிலைக் காப்பது தேசத்தின் உரிமையும் கடமையும் என்று ஆசிரியர் உறுதியாகக் கற்பிக்க வேண்டும். இதில் தற்காப்புத் தொனியோ மன்னிப்புக் கேட்கும் தொனியோ சகிக்கப்படக் கூடாது என்கிறது கடிதம். இதை எழுதியவர் அந்த வரியால் நேரடிப் பயன் பெற்ற நிக்கல் உற்பத்தியாளர். வேலைநிறுத்தம் பற்றிய பாடமும் அப்படியே: அதன் நியாயத்தை விசாரிக்கச் சொல்லவில்லை, அதைத் தடுக்கக் கற்பிக்கச் சொல்கிறது.

பள்ளியின் பிற்கால வரலாறு இதே திசையைக் காட்டுகிறது. குழந்தைத் தொழிலாளர் முறையை எதிர்த்துப் பேசிய பொருளியல் ஆசிரியர் ஸ்காட் நியரிங்குக்கு 1915இல் அறங்காவலர்கள் பணிநீட்டிப்பை மறுத்தனர். இந்த நிகழ்வைக் கல்விச் சுதந்திரத்தின் வரலாற்றில் தனி அத்தியாயமாக மட்டும் வைப்பது வழக்கம். 1881 கடிதத்தின் பின்னணியில் வைத்துப் பார்த்தால் அது விபத்தாகத் தெரியவில்லை. சமூகத்தைப் பற்றிப் படிக்கலாம், ஆனால் எந்த முடிவுக்கு வர வேண்டும் என்பது முன்பே தீர்மானமாகிவிட்டது என்பதே தொடக்கத்திலிருந்து இப்படிப்பின் இயல்பு. கொடை தந்தவர் பாடத்தைத் தீர்மானிப்பது அக்காலத்தில் சகஜம் என்ற சமாதானம் பெரிதும் உதவாது. சகஜமாக இருந்தது என்பதால் விளைவு மாறிவிடாது.

இன்றைய விவாதத்துக்கு

ஃபிலடெல்ஃபியாவின் இந்த வரலாற்றை இந்தியாவுக்கு அப்படியே பொருத்த முடியாது, இங்கே பி.பி.ஏ. படிப்பு வேறு வழிகளில் வளர்ந்தது. ஆனால் வணிகப் படிப்பு வேலைக்கான பயிற்சி, அதன் குறையைத் தீர்க்க அறநெறிப் பாடம் சேர்த்தால் போதும் என்ற எண்ணம் இங்கும் வேரூன்றியிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 டிசம்பர் கட்டமைப்பு, மூன்றாண்டுப் பட்டத்தின் 120 மதிப்பலகுகளில் 6 முதல் 8 வரை மதிப்புக்கூட்டுப் பாடங்களுக்கு ஒதுக்குகிறது. 2024–25 கல்வியாண்டிலிருந்து பி.பி.ஏ. படிப்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு தன் ஒப்புதலின்கீழ் கொண்டுவந்ததோடு, அதற்கு மாதிரிப் பாடத்திட்டமும் வகுத்தது. அறம் எத்தனை மதிப்பலகு என்று எண்ணுவது இந்த நடைமுறைகளில் எளிது.

1881 காட்டும் பாடம் வேறு. அந்தக் கடிதத்தில் அறநெறிக்குப் பஞ்சமே இல்லை; நேர்மையான கணக்கு, கடனில் எச்சரிக்கை, மோசடிக்குத் தண்டனை எல்லாம் இருந்தன. மாணவர் மறுத்து வாதிட இடம் மட்டும்தான் இல்லை. எனவே இளநிலை மேலாண்மைப் பாடத்திட்டத்தைத் திருத்த அமரும் பாடக்குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். அறநெறித் தாள்களின் எண்ணிக்கையைக் கூட்டும் முன் கடந்த சில பருவங்களின் வினாத்தாள்களை எடுத்துப் பாருங்கள். தொழிலாளர் உறவு, வரி, நிறுவனப் பொறுப்பு ஆகியவை பற்றிய கேள்விகளில், பாடநூலுக்கு மாறான விடையைக் காரணத்தோடு எழுதிய மாணவர் முழு மதிப்பெண் பெற முடியுமா? முடியாது என்றால் திருத்த வேண்டியது முதலில் அந்த வினாத்தாளையே.