பார்லரில் முடி நடலாமா, ஊசி போடலாமா? விதி சொல்வது என்ன?

கல்யாண சீசன் வந்தாலே சேலம், நாமக்கல் பக்கம் ‘ஸ்கின் அண்ட் ஹேர்’ ஆஃபர் விளம்பரங்கள் மொபைலில் வரிசைகட்டும். ஃபேஷியல் வேறு, ஊசி வேறு. தோலைத் துளைத்தால் அது மருத்துவம்.

2016-ல் நடந்தது என்ன?

சென்னையில் ஒரு மையத்தில் முடி மாற்று சிகிச்சை செய்துகொண்ட 22 வயது மருத்துவ மாணவர், இரண்டே நாளில் வேலூர் மருத்துவமனையில் உயிரிழந்தார். மயக்க மருந்து கொடுத்தவர் பாதியிலேயே கிளம்பிவிட்டதாகவும், அந்த மையத்திடம் இருந்தது அழகு நிலைய உரிமம்தான் என்றும் அப்போது செய்திகள் வெளியாகின. டாக்டருக்குப் படித்தவருக்கே இந்த நிலைமை!

மரத்துப்போகும் ஊசிதானே, அதில் என்ன ஆபத்து? மணிக்கணக்கில் தலை முழுக்கத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். அளவு மீறினால் வலிப்பு வரும், இதயமே நின்றும் போகலாம். அந்த நிமிடம் பக்கத்தில் ஆக்சிஜனும், அதைக் கையாளத் தெரிந்த டாக்டரும் வேண்டும்.

சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனா லேட். மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் தமிழக அரசின் சட்டம் வந்தது 1997-ல். அதற்கான விதிகள் வந்ததோ 2018-ல். இப்போது கிளினிக் நடத்த மாவட்ட சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் பதிவு கட்டாயம்.

யார் செய்யலாம்?

தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் தெளிவாகவே சொன்னது. முடி மாற்று சிகிச்சைக்கு முறையான அறுவை சிகிச்சைப் பயிற்சியோ, தோல் மருத்துவத்தில் மேற்படிப்போ வேண்டும். யூடியூப் பார்த்தோ, ஒரு ஒர்க்‌ஷாப் போய்வந்தோ செய்யக்கூடாது. டெக்னீஷியன் உதவலாம், பொறுப்பு டாக்டருடையது.

‘கலர் கூட்டும்’ குளுட்டாதையோன் ஊசி? தோலை வெளுப்பாக்கும் எந்த ஊசிக்கும் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி தரவில்லை. நம்ம ஊர் வெயிலில் கறுக்கிற தோலுக்கு ஏங்க இந்த வம்பு?

போகும் முன் என்ன பார்க்கணும்?

டாக்டரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் தேடினால் பெயரும் படிப்பும் வரும். சுவரில் மாட்டியிருக்கும் ‘காஸ்மெட்டாலஜி டிப்ளமோ’ மருத்துவப் பட்டம் ஆகாது. மயக்க மருந்து தருபவர் கடைசி வரை இருப்பாரா என்றும் கேளுங்கள். மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள்.

பாதிப்பு ஏற்பட்டால் பில், ஊசி மருந்தின் அட்டை, போட்டோ எதையும் தூக்கிப் போடாதீர்கள். செய்தவர் டாக்டர் என்றால் மருத்துவக் கவுன்சிலில் புகார் தரலாம். டாக்டரே இல்லை என்றால் இணை இயக்குநர் அலுவலகத்திலும் போலீசிலும் புகார் கொடுங்கள்.