சாட்சியின் ஞாபகம்

நேரில் பார்த்தவர் சொன்னார் என்றதும் விசாரணையை முடித்துக்கொள்வது நம்மிடையே பழக்கமாகிவிட்டது. அவர் எப்போது சொன்னார், அதற்குள் எதையெல்லாம் கேட்டும் படித்தும் இருந்தார் என்று யாரும் கேட்பதில்லை. பாரதி, அரவிந்தர், வ.வே.சு. ஐயர் ஆகியோரின் புதுச்சேரி நாட்களைப் பற்றிய நினைவுக் குறிப்புகளைப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என் குறுக்கே வந்து நிற்கிறது.

அரவிந்தர் இந்த ஊருக்கு வந்த கதையையே எடுத்துக்கொள்ளலாம். 1910 பிப்ரவரியில் ஓர் இரவு, கல்கத்தாவில் ‘கர்மயோகின்’ அலுவலகத்துக்குப் போலீஸ் வரப்போகிறது என்ற செய்தியை ராம்சந்திர மஜும்தார் கொண்டுவருகிறார். அரவிந்தர் உடனே புறப்பட்டுக் கங்கைத் துறையில் படகேறி, பிரெஞ்சுக்காரர் வசமிருந்த சந்திரநாகூர் சேர்கிறார். ஏப்ரல் 4 அன்று ‘டூப்ளே’ கப்பலில் புதுச்சேரி வந்து இறங்குகிறார். அந்த இரவில் துறைவரை கூடப் போனவர் ராம்சந்திரர். ஒரு சாட்சிக்கு இதைவிடத் தகுதி வேண்டியதில்லை.

34 ஆண்டுகள் கழித்து, வங்காளப் பத்திரிகைகளில் அந்த இரவு உருமாறுகிறது. போகிற வழியில் அரவிந்தர் சாரதா தேவியைத் தரிசித்து விடைபெற்றார், நிவேதிதா துறைக்கு வந்து வழியனுப்பினார் என்று கதை வளர்கிறது. ராம்சந்திரரும் சாரதா தேவி தரிசனம் நடந்ததென்றே எழுதினார். புதுச்சேரியிலிருந்து அரவிந்தர் இரண்டையும் மறுத்தார். தம் மனைவி மிருணாளினியைச் சுதீரா போஸ் சாரதா தேவியிடம் அழைத்துப் போனதாக, பின்னாளில் தாம் கேள்விப்பட்டதையும் சொன்னார்.

ராம்சந்திரர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. மனைவி போனது கணவர் போனதாகவும், வேறொரு நாளின் தரிசனம் அந்த இரவுக்கு உரியதாகவும் ஆகியிருக்கலாம். இது என் ஊகம்தான். ஆனால் ஞாபகம் இப்படி வேலை செய்வது ஊகமல்ல. 1974இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் கார்கள் மோதும் படமொன்றைச் சிலருக்குக் காட்டினார்கள். பிறகு, கார்கள் ‘இடித்தபோது’ என்ன வேகம் என்று 50 பேரிடமும், ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்று 50 பேரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது முதல் வகையினரில் 7 பேரும் இரண்டாம் வகையினரில் 16 பேரும் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் கண்ணாடி எதுவும் உடையவில்லை. கேள்வியிலிருந்த ஒரு வினைச்சொல் செய்த காரியம் இது. 34 வருஷப் பேச்சும் பக்தியும் என்னதான் செய்யாது?

இதே அளவுகோலை மறுதரப்புக்கும் வைக்கவேண்டும். அரவிந்தரும் 34 வருஷம் கழித்தே பேசுகிறார். படகில் உடன் போன சுரேஷ் சக்கரவர்த்தி அவர் பக்கமே சாட்சி சொன்னார். ஆனால் சுரேஷ் புதுச்சேரியில் அவரை அண்டியே வாழ்ந்தவர். ஒரு கூரையின்கீழ் பலமுறை பேசப்பட்ட நினைவை இரண்டு சாட்சியமாக எண்ணலாமா? அரவிந்தர் சொன்னதையே நான் ஏற்கிறேன், தம் செயலைப் பற்றிச் சொல்கிறார் என்பதால். ஆனால் தலைகளை எண்ணி அல்ல.

இதே ஊரில் 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதினார். அதில் வதந்தியும் உண்டு, தற்பெருமையும் உண்டு. இருந்தாலும் அன்றன்றைக்குத் தேதி போட்டு, கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவே பெரும்பாலும் எழுதிவைத்தார். நம் நினைவுக் கட்டுரைகளில் காணாமற்போவது இந்த வேறுபாடுதான்.

மறைந்த எழுத்தாளர்களைப் பற்றிச் சிறுபத்திரிகைகளில் நாம் எழுதும் அஞ்சலிகள் நாளைக்கு ஆதாரமாகும். முன்னே வந்த அஞ்சலியைப் படித்துவிட்டு அடுத்தவர் எழுதுகிறார். நான்காவது ஆள் எழுதும்போது, முதலாமவர் சொன்னது நால்வர் கண்டதாக ஆகிவிடுகிறது. பிறர் எழுதியதைப் படிக்குமுன் நம் ஞாபகத்தை எழுதித் தேதியிட்டு வைக்கலாம். படித்தபின் எழுதினால் அதையும் சொல்லிவிடலாம்.