துறைமுகத்து ஒலி வயிற்றுக்கு வந்த வழி

இரண்டாம் உலகப் போரில் திருகோணமலை பிரித்தானியக் கடற்படையின் தளம். இங்கு வந்துபோன நாசகாரிக் கப்பல்கள் தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, திரும்பும் எதிரொலியைக் கொண்டு நீர்மூழ்கிகளைத் தேடின. குவார்ட்ஸ் படிகத்தால் அப்படித் தேடும் வழியை முதலாம் உலகப் போரின்போதே பிரெஞ்சு இயற்பியலாளர் போல் லாஞ்செவின் கண்டிருந்தார்.

பிறகு அந்த ஒலி தொழிற்சாலைகளுக்குள் போய் இரும்பில் வெடிப்புத் தேடியது. 1955இல் கிளாஸ்கோ மகப்பேற்றுப் பேராசிரியர் இயன் டொனால்ட், நோயாளிகளிடமிருந்து அகற்றிய கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். உலோகத்தைச் சோதிக்கும் கருவி தசையையும் காட்டியது. 1958இல் அவர் குழுவின் கட்டுரை ‘லான்செட்’ இதழில் வந்தது.

இன்று அந்த ஒலி தேடுவனவற்றில் ஒன்று, வயிற்றுச் சுவரின் ஓட்டையில் குடல் பிதுங்கும் ஹேர்னியா, தைத்த பிறகும் திரும்பி வருவது. இது அபூர்வமல்ல. வயிற்று வெட்டுத் தழும்பில் வரும் ஹேர்னியாவைப் பற்றி நெதர்லாந்தில் செய்த ஆய்வு 2000இல் வெளியானது. அந்த ஹேர்னியாவை முதன்முறையாகத் தைத்தவர்களில், மூன்று ஆண்டுகளுக்குள், நூலால் மட்டும் தைத்தவர்களில் 43 வீதத்தினருக்கும் ஓட்டையை மூடும் செயற்கை வலை வைத்துத் தைத்தவர்களில் 24 வீதத்தினருக்கும் அது திரும்பியிருந்தது.

தழும்பு தடித்த இடத்தில் கைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் படும். அந்த ஒலியால் எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் வேறுபாடு தெரியும். சத்திரசிகிச்சைக்குப் பின் தேங்கிய நீர் கறுப்பாகத் தெரியும். குடல் என்றால் அசையும். வலை வெள்ளைக் கோடாகத் தெரியும், அதன் கீழே நிழல் விழும். வலையின் ஓரத்தைத்தான் கவனமாகப் பார்க்கவேண்டும், திரும்பும் ஹேர்னியா பெரும்பாலும் அங்கேதான் பிதுங்குகிறது. ஆனால் நோயாளி அசையாமல் படுத்திருந்தால் பிதுங்கியது உள்ளே போய்விடும், ஸ்கேனும் ஏமாந்துவிடும். இருமச் சொல்லி, முக்கச் சொல்லி, தேவையானால் எழுந்து நிற்கவைத்துப் பார்ப்பதுதான் சரியான ஸ்கேன். வயிற்றுச் சுவரில் பெரிய ஓட்டை என்றால் சீ.ரீ. ஸ்கேனும் வேண்டும். வழக்கமான பொலிப்ரொப்பிலீன் வலை அதில் எளிதில் தெரியாது. ஆனால் ஓட்டையின் அகலத்தை அளந்து அடுத்த சத்திரசிகிச்சையைத் திட்டமிட அதுவே உதவும்.

ஈச்சிலம்பற்று, திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடி. அங்கிருந்து ஸ்கேனுக்கு மூதூர், கிண்ணியா வழியாகத் திருகோணமலை நகருக்குப் போகவேண்டும். 2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவில் படகுப்பாதைக்குக் காத்து நின்ற வழி அது. வலை இழுப்பதும் நெல்மூட்டை தூக்குவதும் பிழைப்பாக இருப்பவர்கள், தழும்புக்குப் பக்கத்தில் சின்ன வீக்கம் கண்டதற்காக ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் புறப்படுவது எளிதல்ல. அந்தத் தயக்கம்தான் எனக்குப் பயம் தருகிறது.

தயவுசெய்து போங்கள். பழைய டயக்னோசிஸ் கார்டைக் கையோடு கொண்டுபோங்கள். வலை வைத்தார்களா, எங்கே வைத்தார்கள் என்ற குறிப்பு ஸ்கேன் செய்பவருக்கு வேண்டும். எப்போது பிதுங்குகிறது என்றும் சொல்லுங்கள். வீக்கம் கல்லாகி, உள்ளே தள்ளினாலும் போகாமல், வலியும் வாந்தியும் வந்தால் ஸ்கேன் திகதிக்குக் காத்திருக்கவேண்டாம். அன்றைக்கே, அந்த மணியே, ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.