தாத்தா கண்டுபிடித்த தப்பு: மாதிரி இரயிலும் ‘சரியான அளவும்’

ஆசிரிய நண்பர்களே, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் குவான் யின் கோயிலுக்கு எதிரே சைனா தெரு பிரிகிறது. அதில் கடலை நோக்கி நேராக நடந்து பாருங்கள். முடிவில் மணிக்கூண்டு வைத்த பெரிய கட்டடம் ஒன்று நிற்கும். இன்று அது சுங்கத்துறையின் ‘விஸ்மா கஸ்தாம்’. அந்தக் காலத்தில் அது இரயில்வே கட்டடம். தண்டவாளமே இல்லாத இரயில் நிலையம்னு சொல்வாங்க. டிக்கெட்டை இங்கே எடுத்துக்கொண்டு, படகேறி அக்கரையில் உள்ள பிறைக்குப் போய்த்தான் இரயில் ஏற வேண்டும்.

படிவம் 2 மாணவர்களை அங்கே அழைத்துப் போய், “இங்க வரைக்கும் இரயில் வந்திருந்தா எப்படி இருந்திருக்கும்? செஞ்சு காட்டுங்க” என்றேன். ஒரு மாணவன் அட்டையில் கட்டடமும் பெட்டிகளும் செய்து, கடையில் வாங்கிய மாதிரித் தண்டவாளத்தில் வைத்திருந்தான். எல்லாரும் கை தட்டினோம். கண்காட்சிக்கு வந்த அவன் தாத்தா மட்டும் குனிந்து பார்த்தார். கம்பிச்சடக்கில் பல வருஷம் வேலை செய்தவர். “சார், கம்பி ரொம்ப அகலமா இருக்கே” என்றார். பையன் விடவில்லை. “இல்ல தாத்தா, பெட்டியிலயே 1:87னு போட்டிருக்கு!”

யார் சொன்னது சரி? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அந்தத் தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. 87ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1,435 மி.மீ. இது இங்கிலாந்து, ஐரோப்பா, அமெரிக்காவில் பெரும்பாலும் உள்ள பாதை அகலம். நம் நாட்டுப் பாதையோ 1,000 மி.மீ., அதாவது ஒரு மீட்டர். 1:87இல் அது 11.5 மி.மீ.தான் இருக்க வேண்டும். பையனின் பாதை 43 விழுக்காடு அதிக அகலம். தாத்தாவின் கண் தப்பவில்லை.

அதற்காகப் பெட்டி பொய் சொன்னது என்றும் ஆகாது. அது வேறு ஊர் இரயிலுக்கு உண்மையான அளவு. அந்த ஊர்க்காரர்களுக்கே இதில் தகராறு உண்டு. பிரிட்டிஷ் இரயில்கள் உருவில் சிறியவை. 1:87இல் செய்தால் அன்றைய மோட்டார் உள்ளே அடங்காது. அதனால் உடலை மட்டும் 1:76 ஆகப் பெரிதாக்கினார்கள்; பாதையை 16.5 மி.மீ.லேயே விட்டுவிட்டார்கள். 1938இல் வந்த ஹார்ன்பி டப்ளோ இந்த வகைதான். உடலும் பாதையும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. இதைப் பொறுக்க முடியாத சிலர் 1960களில் 18.83 மி.மீ. அகலத்தில் பாதையையும், அதற்கேற்ற மெல்லிய சக்கரங்களையும் செய்யத் தொடங்கினார்கள். அளவு சரியாக வந்தது. ஆனால் வீட்டு மேசையின் இறுக்கமான வளைவுகளில் அந்த வண்டி லேசில் ஓடாது. ஓட வேண்டுமா, உண்மையாக இருக்க வேண்டுமா என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் பழைய சண்டை.

நமக்கு அந்த ஒரு மீட்டர் ஏன் முக்கியம்? அதில் நம் வரலாறு இருக்கிறது. 1870களில் இந்தியாவில் செலவைக் குறைக்க மீட்டர் பாதை போடத் தொடங்கினார்கள். நாகப்பட்டினம் துறைமுகத்துக்கு நம் முன்னோரைக் கொண்டுவந்த தென்னிந்திய இரயில்வேயும் மீட்டர் பாதைதான். 1885 ஜூன் 1ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை திறந்த மலாயாவின் முதல் பாதையும் அதே அகலம். கடலின் இரு கரையிலும் ஒரே அளவு! சயாமின் தென்பாதை, பர்மா எல்லாம் மீட்டர் பாதையாக இருந்ததால், 1942-43இல் ஜப்பானியர் 415 கிலோமீட்டர் போட்டு அவற்றை இணைக்க முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஆயிரக்கணக்கான தமிழர்கள் அந்தச் சயாம் மரண இரயில் பாதையில் மாண்டார்கள். இன்று பட்டர்வொர்த்துக்கு வரும் மின்சார இரயிலும் அதே ஒரு மீட்டரில்தான் ஓடுகிறது. மாதிரியில் அதை 1,435 ஆக்கினால், பார்க்கிற பிள்ளைக்கு அது இங்கிலாந்து இரயிலாகிவிடும்.

ஆகவே மாணவர் ஒரு மாதிரி செய்து வந்தால், ‘அளவு சரியா?’ என்று மட்டும் கேட்டு நிறுத்த வேண்டாம். ‘எதைச் சரியாக வைத்தாய், எதை விட்டுக்கொடுத்தாய், ஏன்?’ என்று கேளுங்கள். பதிலை ஒரு பத்தியாக எழுதச் சொல்லுங்கள். கணக்கு, வரலாறு, கட்டுரை மூன்றும் ஒரே பாடத்தில் வந்துவிடும். வீட்டுப் பெரியவர்களையும் கேட்டுவரச் சொல்லுங்கள். அளவுகோலில் இல்லாத செய்தி அவர்களிடம் இருக்கும்.

அந்த மாணவன் பிறகு சாத்தே குச்சிகளை 11.5 மி.மீ. இடைவெளியில் ஒட்டிப் புதுத் தண்டவாளம் செய்தான். அதில் எந்த வண்டியும் ஓடாது. தாத்தா விரலை வைத்துப் பார்த்துவிட்டு, “இதான் நம்ம கம்பி” என்றார்.